சாச்சா20 வச்சு நெல்லுக் கணக்கப் பூட்டுன அனுபவம்

அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு ரைஸ் மில்லுக்கு ராத்திரி பேக்கப் எடுக்க ராஸ்பெர்ரி பை 4 ஒண்ணு வச்சுக் குடுத்தேன். அந்தக் குட்டி கம்ப்யூட்டர் போர்டுல, ஃபைலப் பூட்ட நெறய பேரு போடுற ஏஇஎஸ் சைபருக்குன்னு தனி ஹார்ட்வேர் கெடையாது, சாஃப்ட்வேர்ல ஓட்டுனா பையத்தான் போவும், அதான் சாச்சா20 போட்டேன், அதுவும் கீ இல்லாதவன் படிக்க முடியாதபடி ஃபைலப் பூட்டுற ஒரு சைபர்தான். கிரிப்டோகிராஃபர் டேனியல் பெர்ன்ஸ்டைன் 2008ல கொண்டு வந்தது. கூட்டல், பிட்ட சுத்துறது, எக்ஸார் (ரெண்டு பிட்டும் வேறயா இருந்தா 1, ஒண்ணா இருந்தா 0), இந்த மூணையே 20 ரவுண்டு ஓட்டும், டேபிள் எதையும் போய்ப் பாக்காததால எவ்வளவு நேரம் எடுக்குன்னு அளந்து கீயப் புடிக்க நெனைக்கவனுக்கு வழி கெடைக்காது. சின்ன ப்ராசசர்ல பறக்கும். இன்னைக்கும் எனக்குப் புடிச்ச சைபர் இதுதான்.

ஆனா நான்ஸ், அதாவது ஒவ்வொரு ஃபைலப் பூட்டும்போதும் கீயோட சேத்துக் குடுக்குற நம்பர், அந்த விஷயத்துல கொஞ்சமும் பொறுக்காது. 12 பைட் நான்ஸ், ஒரே கீயில ஒருக்காதான் வரலாம். நான் 0, 1, 2ன்னு கவுண்டர் ஏத்திக்கிட்டே போனேன், அந்த நம்பர டிஸ்க்ல எழுதாம ரேம்லயே விட்டுட்டேன், பிசானம் அறுப்பு சமயம் கரண்ட் போயிப் போயி வந்துச்சு, ஒவ்வொரு வாட்டியும் கவுண்டர் மறுபடி 0ல நிக்கி.

கூட வேல பாக்குற அண்ணாச்சிதான் கண்டுபிடிச்சாவ. ரெண்டு நாள் ஃபைலயும் ஹெக்ஸ்ல தொறந்து வச்சு, "இங்கன பாருடே, மேல ரெண்டு வரி அச்சு அசலா ஒண்ணுபோல இருக்குலா"ன்னாவ. எனக்கு வயித்தக் கலக்கிட்டு. தேதி, பேரு, மூட்டை, எடைன்னு தலைப்பு வரி ரெண்டுலயும் ஒண்ணு, கீயும் நான்ஸும் சேந்து உண்டாக்கி டேட்டா மேல எக்ஸார் பண்ணுற கீஸ்ட்ரீமும் ஒண்ணு, அப்ப வர்றதும் ஒண்ணாத்தான இருக்கும். ரெண்டையும் எக்ஸார் பண்ணி, கையில இருந்த மொத நாள் கணக்க அது மேல போட்டா, மறுநாள் யாரு எத்தன மூட்டை போட்டாவன்னு கீயே இல்லாம கண்ணு முன்னால வந்து நிக்கி. அன்னைக்கே முதலாளிகிட்ட மறைக்காம சொல்லிட்டு, நீளமான நான்ஸ் எடுக்குற எக்ஸ்சாச்சா20க்கு மாத்தி, 24 பைட் ரேண்டம் நான்ஸ், புது கீ போட்டு எல்லாத்தையும் திரும்பப் பூட்டுனோம்.

—

வள்ளியூர்ல இருந்து எழுதுறேன் அண்ணாச்சி. நாங்க நான்ஸ்ல சரியா இருந்தோம், ஆனா ஃபைல யாராவது மாத்துனா காட்டிக் குடுக்குற பாலி1305 டேக் இல்லாம வெறும் சாச்சா20. டெஸ்ட் பண்ணும்போது பூட்டுன ஃபைல்ல ஒரே ஒரு பிட்ட மாத்துனேன், தொறந்து பாத்தா 1 இருந்த எடத்துல 9. 1,00,000 பாக்கி 9,00,000 ஆயிட்டு, ப்ரோக்ராம் ஒரு எரர் கூட சொல்லல. அன்னையிலருந்து டேக் ஒத்து வரலன்னா ஃபைல் தொறக்கவே தொறக்காது.

—

தம்பி, நல்ல வேல பண்ண. ஆனா நான்ஸ் திரும்ப வந்துட்டுன்னா பாலி1305க்கு எடுக்குற கீயும் திரும்ப வந்துரும், அப்ப டேக்கையே போலியா செஞ்சுருவான். உன் கவுண்டர் எங்க எழுதுதுன்னு இன்னைக்கே ஒருக்கா பாத்துரு.