லினக்ஸுக்கு மாறியவர்களே, எங்கே மாட்டிக்கொண்டீர்கள்?

செந்தூல்வாசி:
மூன்று வாரமாகியும் மனசு ஆறவில்லை, கொட்டிவிடுகிறேன். என்விடியா ஜிடிஎக்ஸ் 1050 கிராஃபிக்ஸ் கார்டு போட்ட பழைய மடிக்கணினி. ஏழாம் தலைமுறை இன்டெல் சிப் என்பதால் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. 10-க்கோ 2025 அக்டோபர் 14-ஓடு வழக்கமான ஆதரவு முடிந்தது. லினக்ஸின் ஒரு வகையான மிண்ட் போட்டேன். கார்டை இயக்கும் என்விடியா டிரைவர் ஏற்றும்போது ஒரு கடவுச்சொல் வைக்கச் சொன்னது, ஏதோ வைத்தேன். ரீஸ்டார்ட் கொடுத்துவிட்டு தே ஓ (பால் இல்லாத தேநீர்) கலக்கப் போனேன். வந்து பார்த்தால் டெஸ்க்டாப் தயார், ஆனால் டோட்டா 2 தள்ளுவண்டி மாதிரி நகர்கிறது. மிண்ட் விளையாட்டுக்கு ஆகாது என்று உபுண்டு போட்டேன். அதே கதை. மறுபடி மிண்ட்.

மூன்றாவது தடவை வீட்டில் சீனி தீர்ந்திருந்தது, அதனால் எழுந்து போகவில்லை. அப்போதுதான் பார்த்தேன்: நீலத் திரை, ஏதாவது ஒரு விசையை அழுத்து என்கிறது, 10, 9, 8 என்று எண் இறங்குகிறது. அதில் 'என்ரோல் மோக்' (டிரைவரின் சாவியைப் பதிவது) போய் நான் வைத்த கடவுச்சொல்லைக் கொடுத்தால்தான் செக்யூர் பூட் என்கிற கணினிக் காவல்காரன் அந்த டிரைவரை உள்ளே விடுமாம். முன்பு இரண்டு தடவையும் அது வந்து போன நேரத்தில் நான் அடுப்படியில்!

பட்டர்வொர்த் பையன்:
அண்ணே, பயாஸில் செக்யூர் பூட்டை அணைத்திருந்தால் இரண்டு நிமிட வேலை. என் கதை வேறு. அக்கா மகன் கணினியில் ஆசை ஆசையாக, விளையாட்டுக்கென்றே உள்ள பஸைட் லினக்ஸ் போட்டுக் கொடுத்தேன். பையன் உட்கார்ந்தான், தேடினான், திரும்பி, "மாமா, வேலோரண்ட் எங்கே?" என்றான். அந்த விளையாட்டின் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் லினக்ஸில் ஓடாது. என்ன விளையாடுகிறான் என்று நான் கேட்கவே இல்லை. அந்த முகம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

பிரிக்பீல்ட்ஸ் 50470:
தம்பி, சும்மா அணைக்கச் சொல்லாதீர்கள். பக்கத்திலேயே விண்டோஸ் இருந்து, டிஸ்கைப் பூட்டும் பிட்லாக்கரும் போட்டிருந்தால், அடுத்த தடவை அது மீட்புச் சாவி கேட்டு நிற்கும். எனக்கு நின்றது, ராத்திரி ஒரு மணிக்கு. கதை அவ்வளவுதான்.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். எந்த டிஸ்ட்ரோ (லினக்ஸ் வகை) என்று அடித்துக்கொள்ளும் முன், எது லினக்ஸில் ஓடும் என்று சொல்லும் புரோட்டான்டிபி தளத்தில் விளையாட்டின் பெயரைத் தேடுங்கள். ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் விளையாட்டு கூட 2024 அக்டோபர் கடைசியில் லினக்ஸுக்குக் கதவைச் சாத்திவிட்டது. விண்டோஸ் காலத்து என்டிஎஃப்எஸ் டிஸ்கில் ஸ்டீம் விளையாட்டுகளை அப்படியே ஓட்டாதீர்கள், விண்டோஸ் விளையாட்டை லினக்ஸில் ஓட்டும் புரோட்டான் தகராறு செய்யும், டிஸ்கை லினக்ஸ் வடிவமான எக்ஸ்ட்4 ஆக்குங்கள். என்விடியாவின் ஓப்பன் (திறந்தமூல) டிரைவர் 1600 வரிசையிலிருந்துதான், செந்தூல் அண்ணனின் 1050-க்கு ஒத்துவராது. பில், கடிதம், வங்கி வேலைக்கு மிண்ட். விளையாட்டு மட்டும் என்றால் பஸைட். அப்டேட் சொதப்பினாலும் பூட் மெனுவில் பழையதைத் தேர்ந்தெடுத்துத் திரும்பிவிடலாம். சொந்தக் கோப்புகள் இருக்கும் ஹோமைத் தனிப் பார்ட்டிஷனில்...

ஆயர் ஈத்தாம் மீனா:
அண்ணே, மூச்சு விடுங்கள். அம்மா கோயில் கமிட்டிக்குக் கடிதம் அடிக்க உட்கார்ந்துவிட்டு, "இதுல அஞ்சல் எங்கடி?" என்றார். முரசு அஞ்சல் தமிழ்த் தட்டச்சு மென்பொருளில் இருபது வருடம் பழகிய விரல். லினக்ஸில் தமிழ் அடிக்க உதவும் ஐபஸும் எம்17என்னும் போட்டேன். தமிழ்99 விசைப்பலகை இருக்கிறது, ஒலிபெயர்ப்பும் இருக்கிறது. அம்மா நாலு வரி அடித்துப் பார்த்துவிட்டு, பேனாவை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

செந்தூல்வாசி:
1600-லிருந்துதானா? நேற்றுத்தான் ஓப்பன் டிரைவரை டிக் செய்தேன்.