ஜெரண்டும் நவுனும் ஒரே பட்டியலில் வரலாமா?

கேள்வி: “தி ஜாப் இன்வால்வ்ஸ் தி கலெக்‌ஷன் ஆஃப் டேட்டா, அனலைசிங் ரிசல்ட்ஸ் அண்ட் டு ரைட் ரிப்போர்ட்ஸ்.” இதில் எது பிழை? ஜெரண்டும் (‘அனலைசிங்’ போல ‘-இங்’ சேர்ந்த வினை வடிவம்) நவுன், அதாவது பெயர்ச்சொல் வேலைதானே செய்கிறது?

பதில் 1: ‘டு ரைட்’ அப்பட்டமான பிழை. ஒவ்வொரு உறுப்பையும் ‘இன்வால்வ்ஸ்’ பக்கத்தில் தனியாக வைத்துப் படியுங்கள். ‘இன்வால்வ்ஸ் டு ரைட்’ நிற்காது. மற்ற இரண்டும் இலக்கணப்படி சரி, ஆனால் நடை தட்டுகிறது. ‘கலெக்‌ஷன்’ என்ற நவுனுக்கு ‘ஆஃப்’ தேவை. ‘அனலைசிங்’ நேரடியாகவே செயப்படுபொருளை எடுக்கும். மூன்றையும் ஜெரண்டாக்குங்கள்: “கலெக்டிங் டேட்டா, அனலைசிங் ரிசல்ட்ஸ் அண்ட் ரைட்டிங் ரிப்போர்ட்ஸ்.”

பதில் 2: சரியாகச் சொன்னீர்கள் சார். ஒன்று சேர்க்கிறேன்: “ஃபிஷிங், டூரிஸம் அண்ட் அக்ரிகல்ச்சர்” என்பதைத் திருத்த வேண்டாம். அங்கே ‘ஃபிஷிங்’ ஒரு தொழிலின் பெயர், முழு நவுன். ‘டூரிஸம்’ என்பதை ‘டூரிங்’ என்று மாற்றினால் பொருளே கெடும்.