வாடகை மலிவுதான், ஆனால் அலுவலகக் கூட்டம் நள்ளிரவில்: வெளிநாட்டு நகரங்களில் தங்கி வேலை பார்த்த அனுபவங்கள்

லண்டன் குழுவோடு பணிபுரியும் உறுப்பினர்:

லண்டன் நிறுவனம் ஒன்றுக்கு மென்பொருள் எழுதித் தருவது என் தொழில். எந்த ஊரில் இருந்தும் செய்யலாம். ஆனால் லண்டன் நேரப்படி காலை 9.30 முதல் மாலை 5.30 வரை குழுவினர் அழைத்தால் பதில் சொல்ல ஆள் இருக்க வேண்டும். இந்த நிபந்தனையின் கனம் தெரியாமல், வாடகையையும் இணைய வேகத்தையும் மட்டும் பார்த்து, 2024 நவம்பரில் தாய்லாந்தின் சியாங் மாய் நகருக்குப் போனேன். அந்த ஆண்டு ஜூலையில்தான் தொலைதூரப் பணியாளர்களுக்கான டி.டி.வி. விசாவைத் தாய்லாந்து அறிமுகப்படுத்தியிருந்தது. வங்கியில் 5 லட்சம் பாட் இருப்பைக் காட்டினால் 5 ஆண்டு செல்லுபடியாகும் விசா கிடைக்கும்; ஒவ்வொரு வருகைக்கும் 180 நாள் தங்கலாம். இந்தியக் கடவுச்சீட்டோடு ஊர் ஊராக விண்ணப்பம் நிரப்பிச் சலித்தவனுக்கு இது பெரிய சலுகையாகவே பட்டது.

நிம்மன்ஹேமின் சாலையை ஒட்டிய சந்தில் அறை. காப்பிக்கடைகளில் நாள் முழுவதும் மடிக்கணினியோடு உட்கார்ந்தாலும் யாரும் முகம் சுளிப்பதில்லை. ஆனால் குளிர்காலத்தில் லண்டனின் காலை 9.30 என்பது அங்கே மாலை 4.30. ஊர் வேலை முடித்துச் சாப்பிடக் கிளம்பும் நேரத்தில் எனக்கு வேலை தொடங்கி, நள்ளிரவு 12.30க்கு முடியும். காப்பிக்கடைகள் அடைத்துவிடுவதால் இரவுக் கூட்டங்களை எல்லாம் அறையில் இருந்தே நடத்த வேண்டியிருந்தது. அறைச் சுவரில் 'டோக்கே' என்ற பெரிய பல்லி ஒன்று குடியிருந்தது. அது தன் பெயரைத்தானே உரக்க ஐந்தாறு முறை சொல்லும். வாடிக்கையாளர் முன்னிலையில் நான் பேசிக்கொண்டிருந்த ஒரு நாள் அது கத்தத் தொடங்க, மறுமுனையில் இருந்த மேலாளர், அறையில் வேறு யாரேனும் இருக்கிறார்களா என்று மிகுந்த மரியாதையோடு கேட்டார்.

பிப்ரவரியில் புகை வந்தது. வயல் தாள்களை எரிப்பதாலும் காட்டுத் தீயாலும் எழும் புகை, மலைகள் சூழ்ந்த அந்தப் பள்ளத்தாக்கில் வெளியேற வழியின்றித் தேங்கிவிடுகிறது. அறையில் இருந்து தெளிவாகத் தெரியும் தோய் சுதேப் மலை ஒரு வாரமாகக் கண்ணிலேயே படவில்லை. காலையில் துடைத்து வைத்த மேசையில் மாலைக்குள் விரலால் எழுதும் அளவுக்குத் தூசி. மார்ச் முதல் வாரத்தில் பெட்டியைக் கட்டினேன்.

அடுத்துப் போன இடம் ஜார்ஜியாவின் தலைநகரான திபிலீசி. பல நாட்டவர் விசா இல்லாமலே அங்கு ஓராண்டு தங்கலாம். நமக்கு அந்தச் சலுகை கிடையாது, மின்விசா எடுத்தாக வேண்டும். விடுதிப் பதிவு, திரும்பும் பயணச்சீட்டு, வங்கிக் கணக்கு விவரம் எல்லாவற்றையும் காகிதத்தில் அச்சிட்டுக் கொண்டுபோனது நல்லதாயிற்று, நுழைவுச் சோதனையில் மூன்றையும் கேட்டார்கள். 2022இல் ரஷ்யர்கள் பெருமளவில் குடிவந்த பிறகு வாடகை மிகவும் ஏறிவிட்டதால், 'மலிவான ஊர்' என்று பழைய குறிப்புகளைப் படித்துவிட்டுப் போகிறவர்கள் ஏமாறுவார்கள். நான் போன சமயத்தில் நாடாளுமன்றத்தின் முன் அரசை எதிர்த்து மாலைதோறும் மக்கள் கூடினார்கள். ருஸ்தவேலி சாலை வழியாக அந்த நேரத்தில் எங்கும் போக முடியாது.

ஆனால் நேரம் ஒத்துவந்தது. மார்ச் இறுதியில் லண்டன் கடிகாரத்தை ஒரு மணி முன்தள்ளியதும் என் வேலை பகல் 12.30க்குத் தொடங்கி இரவு 8.30க்கு முடிந்தது. காலையில் நடை, சமையல், சந்தை, இரவில் உறக்கம். பல மாதங்களுக்குப் பிறகு மனிதனைப் போல வாழ்ந்தேன்.

வீட்டுக்கார அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். நான் இறைச்சி உண்பதில்லை என்று தெரிந்ததும், ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் நடந்துகொண்டிருந்ததால் என்னையும் விரதக்காரன் என்றே முடிவு செய்துவிட்டார். அவித்த காராமணியைப் போன்ற பயற்றை மசித்து உள்ளே வைத்துச் சுட்ட லோபியானி ரொட்டியை அடிக்கடி தட்டில் மூடிக் கொண்டுவந்து கொடுப்பார். ஒரு காலையில் நான் தேநீரில் பால் ஊற்றுவதைப் பார்த்துத் திடுக்கிட்டுக் கையைத் தட்டிவிட்டார். அவர்களுடைய விரதத்தில் பாலும் விலக்கு. ஈஸ்டர் முடிந்ததும் கோழிக்கறியோடு வந்து நின்றவரிடம் என் விரதம் இன்னும் முடியவில்லை என்று கைபேசியில் மொழிபெயர்த்துக் காட்டினேன். எப்போது முடியும் என்று கேட்டார்.

நியூயார்க் குழுவோடு பணிபுரியும் உறுப்பினர்:

எனக்குப் போர்ச்சுகலின் தலைநகரான லிஸ்பன் பொருந்தியது. நியூயார்க்கின் காலை 9 மணி அங்கே பகல் 2 மணி என்பதால் என் மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்து நிதானமாகத் தொடங்கலாம். ஆனால் அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறன்றும் ஐரோப்பா கடைசி ஞாயிறன்றும் கடிகாரத்தை மாற்றுகின்றன; இடைப்பட்ட நாள்களில் வித்தியாசம் நான்கு மணி நேரமாகக் குறைகிறது. இது தெரியாமல் முக்கியமான கூட்டத்துக்கு ஒரு மணி நேரம் தாமதமாகப் போய் நின்றேன். தொலைதூரப் பணியாளருக்கான டி8 விசாவுக்குப் போர்ச்சுகலின் குறைந்தபட்ச ஊதியத்தைப் போல நான்கு மடங்கு வருமானம் காட்ட வேண்டும். 2025 கணக்கில் மாதம் 3,480 யூரோ. குளிரைப் பற்றி யாரும் எச்சரிப்பதில்லை. எங்கள் வீட்டில் வெப்பமூட்டும் வசதி இல்லை. ஜனவரியில் அலமாரியைத் திறந்தபோது தோல் கைப்பையில் பச்சையாகப் பூஞ்சை படர்ந்திருந்தது.

மெல்பர்ன் குழுவோடு பணிபுரியும் உறுப்பினர்:

லண்டன் நண்பருக்குக் கோலாலம்பூர் ஆகாது. சியாங் மாயைவிட ஒரு மணி நேரம் பிந்திப் படுக்க வேண்டியிருக்கும். எனக்கோ அது நேர்மாறு. ஆஸ்திரேலியக் கோடையில் காலை 6 மணிக்கு உட்கார்ந்தால் பகல் 2 மணிக்கு எழுந்துவிடலாம். தொலைதூரப் பணியாளர்களுக்கு மலேசியா தரும் 'டி.இ. ரந்தாவ்' என்ற அனுமதியில் வந்தேன். தகவல் தொழில்நுட்பத் துறையினர் ஆண்டுக்கு 24,000 அமெரிக்க டாலர் வருமானம் காட்டினால் போதும். வேலை முடிந்ததும் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில் வாழையிலைச் சாப்பாடு. முதல் நாள் காலையில் கடைக்காரர் "பசியாறியாச்சா, தம்பி?" என்று கேட்டபோது, உண்ணும் செயலுக்கு இப்படியொரு சொல் இங்கே அன்றாடப் பேச்சில் இருப்பதை எண்ணிச் சற்று நேரம் பதில் சொல்லாமல் நின்றுவிட்டேன். பிற்பகலில் இடியோடு மழை கொட்டும் நாள்கள் மிகுதி. சாப்பாட்டுக்குக் கிளம்புகிறவர்கள் குடையோடு கிளம்புங்கள்.