லாடம் கழற்றிய மட்டக்குதிரைகள்: மாரிக்குள் குளம்பைக் காப்பாற்றுவது எப்படி?

நிலாவெளித் தம்பி:

என்னிடம் இரண்டு மட்டக்குதிரைகள் இருக்கின்றன. இரண்டும் முன்பு நுவரெலியா வாவிக்கரையில் சவாரிக்கு நின்றவை. வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை கடற்கரையில் சுற்றுலா வருபவர்களின் பிள்ளைகளை ஏற்றி மெல்ல நடப்பதுதான் அவற்றுக்கு இப்போது வேலை. வந்தபோது காலில் லாடம் இருந்தது. திருகோணமலையில் குதிரைக்கு லாடம் அடிக்க எனக்கு ஆள் கிடைக்கவில்லை. கொழும்பிலிருந்து கூப்பிட்டால் கூலியை விட வழிச்செலவு கூட. மணலில் நடக்கிற குதிரைக்கு லாடம் எதற்கு என்று கழற்றியாயிற்று. கோடை முழுக்க ஒரு குறையும் இல்லை.

இப்போது மாரி. கடல் கொந்தளிப்பு, சவாரி இல்லை. இரண்டும் கொட்டிலிலும் பின்வளவிலுமாக நிற்கின்றன. பின்வளவு பள்ளக்காணி, மழை விட்டாலும் தண்ணீர் லேசில் வற்றாது. பெட்டைக் குதிரையின் முன்னங்குளம்பு ஓரத்தில் துண்டுதுண்டாக உடைகிறது. காலைத் தூக்கிப் பார்த்தால், அடியில் நடுவில் இருக்கும் முக்கோண மெத்தையின் இரு பக்கக் குழியிலும் கறுப்பாக ஏதோ களி. நாற்றம் என்றால் அப்படியொரு நாற்றம். கிரவல் ரோட்டில் ஏறினால் காலைப் பதம் பார்த்துப் பார்த்து வைக்கிறாள். ஆண் குதிரைக்கு இந்தளவு இல்லை.

இணையத்தில் தேடினால் எல்லாம் பனி விழும் நாட்டுக் கதை. குளிர்காலத்தில் குளம்பு மெதுவாகத்தான் வளரும், சீவுவதை எட்டுப் பத்துக் கிழமை தள்ளிப் போடலாம் என்கிறார்கள். அது நமக்குப் பொருந்துமா? பூசுவதற்கு ஏதாவது இருக்கிறதா? திரும்பவும் லாடம் அடிப்பதுதான் ஒரே வழியா?

கிண்ணியா நானா:

தம்பி, எங்கள் வாப்பா வண்டில் மாடு வைத்திருந்தவர். லாடம் அடித்த மாடு எந்த மாரியிலும் மூட்டை இழுக்கும். குதிரைக்கும் அடித்துவிடுங்கள், வேலை முடிந்தது. ஆள் கிடைக்காவிட்டால் கழிவு ஒயிலை பிரஷ்ஷால் குளம்பு முழுக்கப் பூசுங்கள், தண்ணீர் உள்ளே ஏறாது. வேலிக் கட்டைக்கு அதைத்தானே பூசுகிறோம், எத்தனை வருடம் உக்காமல் நிற்கிறது!

உவர்மலை அக்கா:

தம்பி, நான் உவர்மலையில் பிறந்தவள். இப்போது இருப்பது கனடாவில், கல்கரிக்குப் பக்கத்தில். இங்கே ஒரு குதிரைப் பண்ணையில் வேலை. குளம்பு சீவுவதும் இங்கே பழகியதுதான். எங்கள் பண்ணைக் குதிரைகளில் பாதிக்கு மேல் லாடம் இல்லாதவை, பனிக்குள்ளும் அப்படியே நிற்கும்.

முதலில் அந்த எட்டுப் பத்துக் கிழமைக் கணக்கை விட்டுவிடுங்கள். இங்கே குளிர்காலத்தில் பகல் சுருங்குகிறது, குளிர் வேறு, பச்சைப் புல்லும் இல்லை. அதனால் குளம்பு வளர்வது குறைகிறது. திருகோணமலையில் மார்கழியிலும் பகல் கிட்டத்தட்ட பன்னிரண்டு மணி நேரம், குளிர் என்று சொல்ல ஒன்றும் இல்லை, புல்லோ அப்போதுதான் தழைக்கும். குளம்பு மாதத்துக்கு 6 முதல் 10 மில்லிமீற்றர் வரை தன் பாட்டுக்கு வளர்ந்துகொண்டேதான் இருக்கும். கோடையில் அதைத் தேய்த்துக் கொடுத்தது கடற்கரை மணல். மாரியில் நடையே இல்லை என்றால் வளர்ந்ததைத் தேய்க்க என்ன இருக்கிறது? நீண்ட விளிம்பு ஈரத்தில் ஊறி வெளிப்பக்கம் விரிகிறது, பிறகு உடைகிறது. பெட்டையின் காலில் நீங்கள் பார்ப்பது அதுதான். இங்கே குளிரில் இடைவெளியைக் கூட்டுகிறோம், நீங்கள் மாரியில் குறைக்க வேண்டும்.

ஆறு கிழமைக்கு ஒருமுறை முழுதாகச் சீவ ஆள் வரட்டும். நடுவில் இரண்டு மூன்று கிழமைக்கொருமுறை நீங்களே அரத்தை எடுத்து வெளி விளிம்பை மட்டும் லேசாகச் சாய்த்து உருட்டி விடுங்கள். விளிம்பு கூராக நிற்காவிட்டால் உடையாது. கத்தியைத் தொட வேண்டாம். ஊறிய குளம்பு கத்திக்கு வழுவழுவென்று வெட்டுப்படும், கை ஒரு அளவோடு நிற்காது. அடித்தளத்தைச் சீவி மெல்லியதாக்கினால் பிறகு ஒவ்வொரு கல்லும் குத்தும். முக்கோண மெத்தையிலும் தொங்கிக்கொண்டிருக்கும் கிழிசலைத் தவிர எதையும் எடுக்காதீர்கள்.

அந்தக் கறுப்புக் களி பற்றி. அது காற்றுப் படாத இடத்தில் வளரும் கிருமியின் வேலை. சாணமும் மூத்திரமும் சேறும் அந்தக் குழியில் அடைந்து கிடந்தால் அதற்குக் கொண்டாட்டம். மழைத் தண்ணீரை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள். சுத்தமான ஈரத்தில் நின்றுவிட்டுக் காய இடம் கிடைக்கிற குளம்பு தாங்கும். ஊறுவதும் காய்வதுமாக மாறி மாறி நடந்து, அதோடு எருச்சேறும் சேர்ந்தால்தான் சீரழியும்.

தினமும் ஒரு தரம், முடிந்தால் இரண்டு தரம், நாலு காலையும் தூக்கிக் கொக்கியால் தோண்டுங்கள். குதிப்பக்கத்திலிருந்து முன்பக்கம் நோக்கி இழுக்க வேண்டும். இரண்டு பக்கக் குழியும் சுத்தமானதும் மெத்தையின் நடுவில் பின்பக்கமாக இருக்கும் பள்ளத்தைப் பாருங்கள். நல்ல காலில் அது பெருவிரல் அழுத்திய அளவுக்கு ஆழமில்லாமல் விரிந்திருக்கும். உங்கள் பெட்டைக்கு அது ஒடுங்கிய வெடிப்பாக இருந்து, பஞ்சு சுற்றிய குச்சி உள்ளே போய் மறைகிறது, அவளும் காலைப் பறிக்கிறாள் என்றால் நோய் ஆழத்துக்கு இறங்கிவிட்டது. கிரவலில் பதம் பார்ப்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். குதி வலித்தால் நுனியை ஊன்றி நடக்கும். குதி நிலத்தில் படாமல் போகப்போக மெத்தை இன்னும் மெலியும்.

கழுவுங்கள், பிரஷ்ஷால் தேயுங்கள், பழைய துணியால் நன்றாக ஒற்றி உலர்த்துங்கள். பிறகு பாமசியில் விற்கும் பொவிடோன் அயோடினைத் தேநீர் நிறத்துக்குத் தண்ணீரில் கரைத்து, பஞ்சில் நனைத்துக் குழிக்குள் வையுங்கள். உலர்த்தாமல் மருந்து வைப்பது காசைச் சேற்றில் கொட்டுவது. துருசு (மயில்துத்தம்) வைப்பவர்களும் உண்டு. வைப்பதென்றால் கரைத்துத்தான், பச்சைத் தசையில் தூளாகப் போடவே கூடாது. நுரைக்கிற பெரொக்சைட்டைத் தினமும் ஊற்றாதீர்கள், கிருமியோடு நல்ல தசையும் வேகும்.

நானாவுக்கு ஒரு வார்த்தை. வேலிக் கட்டைக்கு உயிர் இல்லை, நானா. குளம்புக்கு மேலே தோல், அடியில் உயிர்த்தசை. கழிவு ஒயில் தோலில் பட்டால் எரிக்கும். அதோடு ஈரமான குளம்பின் மேல் எந்த எண்ணெயைப் பூசி மூடினாலும் உள்ளே இருக்கிற ஈரமும் கிருமியும் உள்ளேயே அடைபடும். வேப்பெண்ணெயும் அப்படித்தான், காய்ந்த குளம்பில் மட்டும். லாடத்தைப் பொறுத்தவரை, மாட்டுக்கு அடிப்பவர் குதிரைக்கு அடிக்க முடியாது. மாட்டுக்குப் பிளந்த குளம்பு, பாதத்துக்கு இரண்டு தகடு. குதிரைக்கு ஒற்றைக் குளம்பு, ஆணி இறங்குவது விளிம்புச் சுவரின் ஒரு சின்னப் பட்டைக்குள். இப்படி ஊறி உடைகிற சுவரில் ஆணியும் நிற்காது, கழன்று விழும்போது பாதிச் சுவரையும் கொண்டுபோகும். லாடம் அடித்தாலும் அந்த நாற்றம் போகாது.

இங்கே பனியில் லாடம் போட்ட குதிரைக்குத்தான் தொல்லை. காலின் சூட்டில் பனி உருகி, இரும்பில் பட்டு மறுபடி உறைந்து உருண்டை கட்டும். குதிரை குதி உயர்ந்த சப்பாத்துப் போட்ட மாதிரித் தடுமாறும். வெறுங்கால் குதிரை நடக்க நடக்க அதை உதறிவிடும். ஆனால் கல்கரியில் குளிருக்கு நடுவே சினூக் என்று ஒரு வெப்பக் காற்று வீசும். பனி எல்லாம் உருகிச் சேறாகி, அடுத்த நாள் குதிரைக் கால் பதிந்த பள்ளமும் மேடுமாக உறைந்துவிடும். அதில் நடந்தால் அடித்தளம் கன்றும். அதனால்தான் இங்கே எல்லாரும் முதலில் பார்ப்பது நிலத்தை.

உங்களுக்கும் அதைத்தான் சொல்லப் போகிறேன். வளவு முழுவதையும் மேடாக்க வேண்டியதில்லை. இரண்டும் நிற்கவும் படுக்கவும் புரளவும் போதுமான ஒரு மேடை, கொட்டிலை ஒட்டி. மேல்மண்ணை வழித்தெடுங்கள், ஒரு பக்கம் சரிவு விடுங்கள், கிழித்த உரப்பைகளை விரித்து அதன்மேல் முக்கால் இஞ்சிக் கல் அரையடி, மேலே கல்தூசு இரண்டு மூன்று அங்குலம். உரப்பை, கல்லைச் சேறு விழுங்காமல் பிடிக்கும். கிரவல் மண் வேண்டாம், மாரியில் அது தானே சேறாகும். வைக்கோலும் தண்ணீரும் அந்த மேடையில்தான். குதிரை நாளின் பெரும்பகுதியைத் தீனி இருக்கும் இடத்தில் கழிக்கும், நீங்கள் கட்டிவைக்கத் தேவையில்லை. மழை விட்ட நேரத்தில் தார் ரோட்டில் அரை மணி நேரம் கையில் பிடித்து நடத்துங்கள். நடைக்கு நிகரான மருந்து இல்லை.

என்ன தீனி போடுகிறீர்கள் என்று எழுதவில்லையே?

நிலாவெளித் தம்பி:

நன்றி அக்கா. குச்சி வைத்துப் பார்த்தேன். முன்னங்கால் இரண்டிலும் வெடிப்பு ஆழம்தான், இடது காலைப் பறித்துக்கொண்டு போய்விட்டாள்.

தீனி: வைக்கோல், வளவுப் புல், காலையும் மாலையும் அரிசித் தவிடு. சவாரி இல்லாததால் உடம்பு இளைக்கக் கூடாதே என்று தவிட்டைக் கொஞ்சம் கூட்டியிருக்கிறேன்.

நெடுந்தீவு வாத்தியார்:

தவிடு என்றதும் நினைவுக்கு வந்தது. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, அங்கே கடல் வழியாக வந்திறங்கும் குதிரைகளில் பெரும்பாலானவை செத்துப்போவதாக எழுதி வைத்திருக்கிறார். சோற்றையும் இறைச்சியையும் அவித்துக் கொடுத்தார்களாம். விற்கிற வணிகர்களும் லாடம் அடிக்கத் தெரிந்தவர்களை அந்தப் பக்கம் வர விடவில்லையாம். குதிரை செத்தால்தானே மறுபடி விற்கலாம். மாணிக்கவாசகர் காலத்திலிருந்தே குதிரை விஷயத்தில் நமக்கு ராசி மட்டு!

எங்கள் தீவுக் குதிரைகளுக்கு லாடமும் இல்லை, சீவுவாரும் இல்லை. சுண்ணாம்புக் கல் தரையில் மேய்ச்சலுக்கும் தண்ணீருக்குமாக நாள் முழுக்க நடக்கின்றன, குளம்பு தானாகத் தேய்கிறது. ஆனால் அதைக் காட்டி “இயற்கை பார்த்துக்கொள்ளும்” என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கடும் வறட்சி வந்தால் அவை செத்து விழுவதையும் பார்க்கிறவர்கள் நாங்கள்.

மாட்டு டொக்டர்:

கிழக்கில் வேலை செய்யும் கால்நடை வைத்தியர் நான். பார்ப்பது பெரும்பாலும் மாடும் ஆடும், ஆனாலும் பேராதனையில் குதிரையும் படித்தோம். அக்கா சொன்னதோடு மூன்று விஷயம்.

ஏற்புவலித் (டெட்டனஸ்) தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். வீட்டு விலங்குகளில் ஏற்புவலிக்கு மிக எளிதில் பலியாவது குதிரை. குளம்பில் வெடிப்பு, சுற்றிலும் சாணம். இதை விட அந்தக் கிருமிக்கு என்ன வேண்டும்?

இரண்டாவது, தவிட்டைக் குறையுங்கள். ஒரே நாளில் நிறுத்தாமல் படிப்படியாக. வேலை இல்லாத மட்டக்குதிரைக்குத் தவிட்டு மாச்சத்தும் மழைக்குத் தளிர்த்த புல்லும் சேர்ந்தால் குளம்புக்குள் அழற்சி வரும், சில நேரம் குதிரையையே விழுத்தும். குளம்புக்கு மேலே இருக்கும் பந்துக்கால் மூட்டின் பின்புறம் இரு பக்கமும் விரல் வைத்து நாடி பாருங்கள். சாதாரண நாளில் தேடித்தான் பிடிக்க வேண்டும். தேடாமலே துடித்தால், இரண்டு முன்னங்குளம்பும் சுட்டால், முன்னங்காலை நீட்டிப் பாரத்தைப் பின்னால் போட்டு நின்றால் உடனே கூப்பிடுங்கள், நடத்த வேண்டாம். தவிட்டில் பொஸ்பரஸ் அதிகம், கல்சியம் குறைவு, அந்த வகையிலும் கூடாது.

மூன்றாவது, நேற்று நன்றாக நின்ற குதிரை இன்று ஒரு காலை மட்டும் ஊன்றவே மறுத்தால் பெரும்பாலும் உள்ளே சீழ் கட்டியிருக்கும். அதை நீங்கள் தோண்டித் திறக்கப் பார்க்காதீர்கள்.

குளம்பு உறுதிக்குக் கொடுக்கும் பயோட்டின் என்ற விற்றமின் மாத்திரை பற்றியும் கேட்பீர்கள். கொடுக்கலாம். ஆனால் குளம்பு மேலிருந்து நுனி வரை வளர்ந்து இறங்க ஒன்பது மாதம் முதல் ஒரு வருடம் ஆகும். இந்த மாரிக்கு உதவாது, அடுத்த மாரிக்கு உதவும்.

கிண்ணியா நானா:

சரி, ஒயிலை வாபஸ் வாங்குகிறேன். கல்தூசு ஒரு டிராக்டர் லோட் வேண்டுமென்றால் தம்பி எனக்குத் தனியாகச் செய்தி போடுங்கள், மச்சானிடம் டிராக்டர் இருக்கிறது. கடல் மணலை மட்டும் அள்ளப் போகாதீர்கள், அனுமதி இல்லாமல் அள்ளினால் பொலிஸில்தான் நிற்க வேண்டும்.

நிலாவெளித் தம்பி:

தடுப்பூசிக்கு நாளைக் காலை டொக்டர் ஒருவர் வருகிறார். நானா, செய்தி போட்டிருக்கிறேன். அக்கா, மேடையைக் கொட்டிலின் எந்தப் பக்கம் போடுவது? மேற்குப் பக்கம் கொஞ்சம் உயரம், ஆனால் எருக்குவியல் அங்கேதான் இருக்கிறது.

உவர்மலை அக்கா:

மேற்கில் போடுங்கள், குவியலை மாற்றுங்கள். எரு மேட்டில் இருந்தால் மழைக்கு ஊறி வரும் தண்ணீர் முழுக்க மேடைக்குள்தான் இறங்கும். கிழக்கு மூலைக்குத் தள்ளிவிட்டு, கல் வந்து இறங்குவதற்கு முன்பே மேடையைச் சுற்றி ஒரு சாண் ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டிவிடுங்கள். கல் போட்ட பிறகு வெட்டுவது இரட்டை வேலை. கூரைத் தண்ணீரும் அந்தப் பக்கம் விழுகிறதென்றால் பீலி ஒன்று போட்டுத் திருப்பிவிட வேண்டும்.

பெட்டையின் இடது காலுக்கு மருந்து வைக்கும்போது ஒருவர் தலைக்கயிற்றைப் பிடிக்கட்டும், தனியாகச் செய்யாதீர்கள்.