முகமறியாத கணக்குகளிலிருந்து வரும் மிரட்டல்: பொருட்படுத்தாமல் விடுவதா, புகார் செய்வதா?

கேள்வி: தென்றல்

அனைவருக்கும் வணக்கம். என் தங்கை ஒரு பொது விவாதத்தில் தன் சொந்தப் பெயரிலேயே கருத்து எழுதினாள். பணியிடப் பாலியல் புகார்களை நிறுவனங்கள் வெளியே தெரியாமல் முடித்துவிடும் வழக்கத்தைக் கண்டித்து, எவர் பெயரையும் குறிப்பிடாமல் எழுதப்பட்ட பதிவு அது. அது பரவலாகப் பகிரப்பட்ட பிறகு முகமறியாத கணக்குகளிலிருந்து வசைகள் வரத் தொடங்கின. வசைகள் விரைவிலேயே மிரட்டல்களாக மாறின. பெரும்பாலானவை "உன்னைச் சும்மா விடமாட்டோம்" என்பது போன்ற பொதுவான சொற்கள்தாம். ஆனால் ஒரு கணக்கிலிருந்து வந்த செய்தியில், அவள் வேலை முடிந்து வெளியே வரும் நேரமும் வழக்கமாகச் செல்லும் பாதையும் குறிப்பிடப்பட்டிருந்தன. அந்தக் கணக்கைத் தடை செய்தால், அதே நடையில் எழுதும் இன்னொரு கணக்கு மறுநாளே முளைத்துவிடுகிறது.

வீட்டில் ஒருமித்த கருத்து இல்லை. கணக்கை மூடிவிட்டால் எல்லாம் அடங்கிவிடும் என்கிறார் அப்பா. குரைக்கிற நாய் கடிக்காது, கண்டுகொள்ளாதே என்கிறார்கள் அவளுடைய நண்பர்கள். "அவன் உண்மையிலேயே ஏதாவது செய்துவிடுவானா, அதை மட்டும் சொல் அக்கா" என்று அவள் என்னிடம் கேட்கிறாள். இத்தகைய நிலையைக் கையாண்ட அனுபவமோ, இதன் சட்டம் பற்றிய அறிவோ உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி 1: மருதன்

சகோதரிக்கு வணக்கம். மிரட்டல் பற்றிய முறையீடுகளை ஆராய்ந்து பரிந்துரை செய்யும் பணியில் சில காலம் இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

நண்பர்கள் சொல்லும் பழமொழிக்கு ஓரளவு ஆதாரம் உண்டு. அமெரிக்காவின் சீக்ரெட் சர்வீஸ் என்ற பாதுகாப்புப் பிரிவு, 1949 முதல் அந்நாட்டில் பொது வாழ்வில் அறியப்பட்டவர்களைத் தாக்கிய, அல்லது தாக்கும் நோக்கத்தோடு நெருங்கிய 83 பேரைப் பற்றி விரிவாக ஆராய்ந்தது. அவர்களில் பத்தில் ஒரு பங்கினருக்கும் குறைவானவர்களே தாக்கப்பட்டவரிடமோ காவல்துறையிடமோ முன்கூட்டி நேரடியாக மிரட்டல் விடுத்திருந்தனர். தாக்க நினைப்பவன் பெரும்பாலும் அறிவிப்பதில்லை. அறிவிப்பவன் பெரும்பாலும் தாக்குவதில்லை. இதை மட்டும் படித்துவிட்டு நிம்மதி அடைபவர்கள் பலர் உண்டு.

ஆனால் இந்த முடிவு, ஒருவரையொருவர் அறியாதவர்களுக்கிடையே நடப்பதைப் பற்றியது. மிரட்டுபவர் முன்னாள் கணவராகவோ, காதலராகவோ, நெருங்கிப் பழகியவராகவோ இருந்தால் நிலைமை தலைகீழாக மாறிவிடுகிறது. குடும்ப வன்முறைக்கு ஆளான பெண்களின் உயிருக்குள்ள ஆபத்தைக் கணிப்பதற்காக ஜாக்குலின் கேம்பெல் என்ற செவிலியல் ஆய்வாளர் 1980களில் உருவாக்கிய மதிப்பீட்டுப் படிவத்தில், கொன்றுவிடுவதாக அவர் மிரட்டியிருக்கிறாரா என்பது முக்கியமான கேள்விகளுள் ஒன்றாக இடம்பெற்றிருக்கிறது. தெரிந்தவரின் மிரட்டலை வெறும் சத்தம் என்று ஒதுக்குவது பேராபத்து.

ஆகவே நான் முதலில் பார்ப்பது சொற்களின் கடுமையை அல்ல. எழுதியவருக்கு என்ன தெரிந்திருக்கிறது, அதை அவர் எப்படித் தெரிந்துகொண்டிருக்க முடியும், சொல்லோடு நிற்கிறாரா அல்லது நெருங்குவதற்கான முயற்சி எதுவும் தென்படுகிறதா என்பவற்றையே பார்ப்பேன். மிக ஆபாசமான, மிகக் கொடூரமான நூறு செய்திகளைவிட, அமைதியான மொழியில் நேரத்தையும் பாதையையும் சொல்லும் ஒற்றைச் செய்தி எனக்கு அதிகக் கவலை தரும். தங்கள் தங்கைக்கு வந்திருப்பது அத்தகைய செய்தி. தடை செய்த பிறகும் புதிய கணக்கில் தொடர்வது இரண்டாவது அறிகுறி. இவ்விரண்டும் சேர்ந்திருக்கும்போது காத்திருக்க வேண்டாம்; புகார் செய்யுங்கள். புகாரின் முடிவு வரும்வரை அவள் புறப்படும் நேரத்தையும் பாதையையும் மாற்றட்டும். அலுவலகத்தில் பொறுப்பான ஒருவரிடமேனும் விவரத்தைச் சொல்லி வைக்கட்டும்.

மறுமொழி 2: எழிலரசி

சட்டத்துறையில் இருப்பவள் என்பதால் அந்தப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன். "அவன் செய்துவிடுவானா" என்ற கேள்விக்கு விடை கிடைத்த பிறகுதான் புகார் செய்ய முடியும் என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. அது தவறான எண்ணம். மிரட்டல், நடக்கவிருக்கும் குற்றத்துக்கான முன்னறிவிப்பு மட்டுமன்று. அதுவே முழுமையடைந்த ஒரு குற்றம். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2003இல் வர்ஜீனியா எதிர் பிளாக் வழக்கில், மிரட்டியவருக்கு அதை நிறைவேற்றும் எண்ணம் இருந்திருக்க வேண்டிய தேவையில்லை என்று கூறியது. அதே நீதிமன்றம் 2023இல் கவுன்டர்மேன் வழக்கில், தன் சொற்கள் வன்முறை மிரட்டலாகக் கொள்ளப்படக்கூடும் என்பதை உணர்ந்திருந்தும் அதைப் பொருட்படுத்தாமல் எழுதியிருந்தாலே தண்டனைக்கு அடிப்படை உண்டு என்று தீர்ப்பளித்தது. அந்த வழக்கிலும், தடை செய்யப்பட்டவர் மீண்டும் மீண்டும் புதிய கணக்குகளைத் தொடங்கிச் செய்தி அனுப்பியதே நிகழ்ந்தது. பிரிட்டனின் 2023ஆம் ஆண்டு இணையப் பாதுகாப்புச் சட்டத்தில், கொலை அல்லது கடுமையான தீங்கு பற்றிய மிரட்டலை அனுப்புவதற்கு 5 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை உண்டு. பெறுபவர் அஞ்சுவார் என்பதைப் பொருட்படுத்தாமல் அனுப்பியதே அங்கும் போதுமானது.

பெயரை மறைத்துக்கொண்டால் சட்டம் எட்டாது என்பதும் பிழை. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டமே, பெயரையோ இருப்பிடத்தையோ மறைத்து மிரட்டுபவருக்குக் கூடுதலாக 2 ஆண்டுகள் வரை சிறை என்று வகுத்திருந்தது. 2024 ஜூலை முதல் அதன் இடத்தில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 351ஆம் பிரிவும் அதைத் தொடர்கிறது. முகமூடி அணிந்து அச்சுறுத்துவது கூடுதல் கொடுமை என்பதைக் கடிதக் காலத்துச் சட்டமே உணர்ந்திருந்தது.

இங்கே ஒரு எல்லையையும் சொல்லியாக வேண்டும். வசை, எள்ளல், கடுமையான மறுப்பு ஆகிய எல்லாவற்றையும் குற்றமாக்க முடியாது, ஆக்கவும் கூடாது. எரிச்சலூட்டும் செய்திகளையும் தண்டனைக்கு உள்ளாக்கிய இந்தியத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை, அதன் சொற்கள் தெளிவற்றவை என்பதால் உச்ச நீதிமன்றம் 2015இல் ரத்து செய்தது. அந்தத் தீர்ப்பு சரியானது என்றே நான் கருதுகிறேன். ஆகவே புகாரில் வந்த வசைகளையெல்லாம் கொட்டாமல், மிரட்டலாக நிற்கும் செய்திகளை முன்னே வையுங்கள். மற்றவற்றை அவற்றின் பின்னணியாக இணையுங்கள்.

சான்றுகளைப் பொறுத்தவரை, தளத்துக்குப் புகார் அனுப்புவதற்கு முன்பே எல்லாவற்றையும் சேமித்துவிட வேண்டும். தளம் அந்தச் செய்தியை நீக்கிவிட்டால் உங்கள் கையிலிருந்த சான்றும் அதனோடு போய்விடும். திரைப்பிடிப்பில் செய்தி மட்டும் இருந்தால் போதாது. தேதி, நேரம், கணக்கின் முழு முகவரி, முன்பின் உரையாடல் அனைத்தும் தெரிய வேண்டும். காட்சிப் பெயரை எவரும் நொடியில் மாற்றிக்கொள்ளலாம் என்பதால் கணக்கின் இணைப்பைத் தனியே குறித்து வையுங்கள். செய்தி வந்த கைபேசியை அப்படியே வைத்திருங்கள். தாமதமும் கூடாது: எந்த இணையத் தொடர்பிலிருந்து எழுதப்பட்டது என்ற பதிவுகளை நிறுவனங்கள் என்றென்றும் வைத்திருப்பதில்லை. இணையக் குற்றங்கள் பற்றிய 2001ஆம் ஆண்டின் புடாபெஸ்ட் உடன்படிக்கை, தரவுகளை 90 நாட்கள் வரை அழிக்காமல் வைத்திருக்குமாறு ஆணையிடும் அதிகாரத்தை வகுத்திருப்பதே இதனால்தான். காவல்துறை அந்தக் கோரிக்கையை அனுப்ப வேண்டுமானால், அதற்கு முன் உங்கள் புகார் அவர்களிடம் இருக்க வேண்டும்.

மறுமொழி 3: கதிரவன்

பாதை எப்படித் தெரிந்தது என்ற கேள்வியை விட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் இரண்டு வழிகள்தாம் இருக்கும். ஒன்று, அவளை நேரில் அறிந்தவரோ பார்த்தவரோ எழுதியிருக்கலாம். மற்றொன்று, அவளோ அவளைச் சார்ந்தவர்களோ அறியாமல் வெளியிட்ட துணுக்குகளை எவரோ சேர்த்துப் பார்த்திருக்கலாம். ஓட்டப் பயிற்சியைப் பதிவு செய்யும் ஸ்ட்ராவா செயலி வெளியிட்ட உலக வரைபடத்தில், இராணுவ முகாம்களின் சுற்றுப்பாதைகள் வெளிப்பட்டுவிட்டதை 2018 ஜனவரியில் உலகமே கண்டது. தனியொருவரின் அன்றாட நடை தெரிந்துவிடுவதில் வியப்பில்லை. பழைய படங்கள், நண்பர்கள் அவளைக் குறியிட்ட பதிவுகள், இருப்பிடப் பகிர்வு, வாகன எண் தெரியும் நிழற்படம் ஆகியவற்றை ஒருமுறை வரிசையாகப் பாருங்கள். கடவுச்சொற்களை மாற்றி, கடவுச்சொல்லோடு இன்னொரு உறுதிப்பாட்டையும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பையும் இயக்கிவிடுங்கள். ஆனால் சான்றாகக்கூடிய எதையும் சேமிக்காமல் அழிக்காதீர்கள்.

இதை மிகைப்படுத்திச் சொல்கிறேன் என்று எவரும் எண்ண வேண்டாம். 2017 டிசம்பரில் அமெரிக்காவின் விச்சிட்டா நகரில், இணைய விளையாட்டில் எழுந்த அற்பச் சச்சரவு ஒன்று, பொய்யான அவசர அழைப்பாக மாறி, ஆயுதம் தாங்கிய காவலர்களை ஒரு வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்தியது. அந்தச் சச்சரவோடு எந்தத் தொடர்பும் இல்லாத 28 வயது மனிதர் அங்கே சுட்டுக் கொல்லப்பட்டார். அழைத்தவருக்கு 2019இல் 20 ஆண்டுகள் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அவர் அந்த வீட்டின் பக்கமே வரவில்லை. ஒரு முகவரி மட்டுமே அவரிடம் இருந்தது.

மறுமொழி 4: பூங்குழலி

தென்றல், உங்கள் தங்கை இருக்கும் இடத்தில் நானும் இருந்திருக்கிறேன். அந்த நாட்களில் மிரட்டியவர்களின் சொற்களைவிட, "நீ ஏன் அதை எழுதினாய்" என்று என் மனிதர்கள் கேட்டதுதான் என்னை அதிகம் உடைத்தது. தயவுசெய்து வீட்டில் எவரும் அந்தக் கேள்வியைக் கேட்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கேட்பவர்கள் அன்பினால்தான் கேட்கிறார்கள், அப்பாவின் அச்சமும் எனக்குப் புரிகிறது. ஆயினும் அந்தக் கேள்வி, பொறுப்பை மிரட்டியவனிடமிருந்து எடுத்து அவள் தோளில் வைக்கிறது.

எழுதிய கருத்தின் அளவுக்கும் வரும் மிரட்டலின் அளவுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பிரிட்டனில் பணத்தாளில் ஒரு பெண்ணின் உருவம் இடம்பெற வேண்டும் என்று கோரி இயக்கம் நடத்திய கரோலின் கிரியாடோ பெரஸுக்கு 2013இல் பாலியல் வன்முறை மிரட்டல்களும் கொலை மிரட்டல்களும் குவிந்தன. 2014 ஜனவரியில் அதற்காக இருவர் சிறை சென்றார்கள். அவர்களில் ஒருவர் பெண். அடக்கமாக எழுதியிருந்தால் இது நேர்ந்திருக்காது என்று சொல்பவர்களுக்கு இதைக் காட்டுங்கள்.

வரும் செய்திகளை அவள் படிக்க வேண்டாம். நீங்கள் அவளுடைய கணக்கைக் கவனித்துக்கொள்ளுங்கள். நீங்களே படித்து, சேமித்து, அவளுக்கு எது தெரிய வேண்டுமோ அதை மட்டும் சொல்லுங்கள். பாதையைக் குறிப்பிட்ட அந்த ஆளைத் தடை செய்வதைவிட, அவன் எழுதுவது அவள் கண்ணில் படாமல் ஒலியடக்கி வைப்பது இப்போதைக்கு மேல், ஏனெனில் அவன் தொடர்ந்து எழுதுவதும் சான்றாகிறது. காவல் அதிகாரி வேறுவிதமாகச் சொன்னால் அவர் சொல்வதையே பின்பற்றுங்கள். பதில் மட்டும் எழுத வேண்டாம், கெஞ்சியும் வேண்டாம், சவால் விட்டும் வேண்டாம். இரவில் உறக்கம் கெட்டால் மனநல ஆலோசகரிடம் அழைத்துச் செல்லத் தயங்காதீர்கள். உறக்கமற்ற மனம் ஒவ்வொரு காலடிச் சத்தத்துக்கும் அதிர்கிறது.

கணக்கை மூடுவது பற்றி இன்னொன்று. யுனெஸ்கோ அமைப்பும் பன்னாட்டு ஊடகவியலாளர் மையமும் 2020இல் நடத்திய கணக்கெடுப்பில், பதிலளித்த பெண் ஊடகவியலாளர்களில் 73 விழுக்காட்டினர் இணைய வன்முறைக்கு ஆளானதாகக் கூறினர். 20 விழுக்காட்டினர் அதன் தொடர்பாக நேரிலும் தாக்குதலுக்கோ வசைக்கோ உள்ளானார்கள். 30 விழுக்காட்டினர் சமூக ஊடகங்களில் தங்களைத் தாங்களே தணிக்கை செய்துகொள்ளத் தொடங்கினர். மிரட்டுபவன் கையை ஓங்காமலே அவனுக்கு வேண்டியது அந்த 30 விழுக்காட்டில் கிடைத்துவிடுகிறது. இருந்தாலும், ஓய்வுக்காகச் சிறிது காலம் விலகியிருக்க அவளே விரும்பினால் அதைத் தோல்வி என்று எவரும் சொல்லக்கூடாது. அந்த முடிவு அவளுடையதாக இருக்கட்டும்.

தென்றல்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. எல்லாவற்றையும் சேமித்து, இன்று புகார் அளித்துவிட்டோம். பாதையைக் குறிப்பிட்ட செய்தியைத்தான் முதலில் வைத்தோம். அதிகாரியும் அதைப் பற்றியே அதிகம் கேட்டார். அப்பாவும் உடன் வந்தார். ஒரு சந்தேகம் எஞ்சியிருக்கிறது. எழுத்து நடையை வைத்து, தங்கையுடன் முன்பு பணியாற்றிய ஒருவர்மேல் எங்களுக்கு ஐயம் இருக்கிறது. செய்திகளின் திரைப்பிடிப்புகளை அவர் பெயரோடு வெளியிட்டுவிடலாமா என்று அவளுடைய நண்பர்கள் கேட்கிறார்கள்.

எழிலரசி

பெயரை வெளியிடாதீர்கள். ஐயத்தை அதற்கான காரணங்களோடு அதிகாரியிடம் எழுத்தில் கொடுங்கள். மருதன் அவர்கள் சொன்னதுபோல், தெரிந்தவராக இருக்கக்கூடும் என்பது அவர்கள் உடனே அறிய வேண்டிய செய்தி. ஆனால் பொதுவெளியில் சொன்னால், அவர்தான் என்றால் சான்றுகளை அழித்துக்கொள்ள அவருக்கு நேரம் கிடைக்கும். அவர் இல்லையென்றால் ஒரு நிரபராதி அதே மிரட்டல்களுக்கு ஆளாவார். 2013இல் பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்புக்குப் பிறகு, காணாமல் போயிருந்த ஒரு மாணவரைக் குற்றவாளி என்று இணையத்தில் பலர் தாங்களாகவே முடிவு செய்தார்கள். அவருக்கும் அந்தச் செயலுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பின்னர் அவர் இறந்த நிலையில் கண்டெடுக்கப்பட்டார். மகனைத் தேடிக்கொண்டிருந்த அந்தக் குடும்பத்துக்குத்தான் அந்த நாட்களில் வெறுப்புச் செய்திகள் குவிந்தன.

மிரட்டல் வந்திருக்கிறது, புகார் அளிக்கப்பட்டிருக்கிறது என்று மட்டும் அறிவிக்க அவள் விரும்பினால், அதிகாரியிடம் கேட்டுவிட்டுச் செய்யலாம். புகார் பெற்றுக்கொண்டதற்கான சான்றை வாங்கிவிட்டீர்களா? இல்லையென்றால் நாளையே வாங்கி, அதன் எண்ணைக் குறிப்பிட்டுத் தளத்துக்கும் எழுதுங்கள்.