அம்மாவுக்கு எமர்ஜென்சி ரூம் பில் 9,400 டாலர், என்ன பண்றது?

எடிசன்வாசி:
அம்மா விசிட்டர் விசால நியூஜெர்சி வந்து ரெண்டு மாசம் ஆச்சு. வயசு 68, பிபி சுகர் ரெண்டும் உண்டு. போன மாசம் ஒரு ராத்திரி நெஞ்ச அடைக்குதுன்னாங்க, வாயுதான்டா கொஞ்சம் ஓமத்தண்ணி குடுன்னு சொல்லிட்டு இருக்கும்போதே வேர்த்து ஊத்துது, பயந்துபோய் ஆம்புலன்ஸுக்கு 911 அடிச்சு பக்கத்து ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போனோம். இசிஜி, ரத்த டெஸ்ட், எக்ஸ்ரே எல்லாம் எடுத்துட்டு ஹார்ட்ல ஒண்ணுமில்ல, ஆசிட்தான்னு விடியக்காலைல அனுப்பிட்டாங்க. இப்ப பில் வந்திருக்கு. ஊர்லயே மலிவா எடுத்த இன்சூரன்ஸ்ல எமர்ஜென்சிக்கு 330 டாலர்தானாம். அம்மா என் வளையல வித்துருன்னு அழுவுறாங்க. கிரெடிட் கார்டுல தேய்ச்சிடவா?

பில்லிங்அக்கா:
தம்பி கார்ட எடுக்காத!! கார்டுல போட்டா அது ஆஸ்பத்திரி கடன் இல்ல, வட்டி ஏறுற பேங்க் கடன் ஆயிடும். முதல்ல ஐட்டமைஸ்டு பில் கேளு, ஒவ்வொரு டெஸ்டுக்கும் தனித்தனியா என்ன போட்டிருக்கான்னு வரும், ஒரே டெஸ்ட ரெண்டு தடவ போட்டதெல்லாம் நானே பாத்திருக்கேன். இன்சூரன்ஸ்ல 330ன்னாலும் கிளெய்ம் போட்டுடு. அப்புறம் நியூஜெர்சில வருமானம் கம்மியா இருக்கறவங்களுக்கு ஆஸ்பத்திரி பில்ல தள்ளுபடி பண்ற சாரிட்டி கேர்னு ஒரு திட்டம் இருக்கு, எமர்ஜென்சின்னா வெளியூர்க்காரங்களும் அப்ளை பண்ணலாம். ஆனா அது ஆஸ்பத்திரி பில்லுக்கு மட்டும், டாக்டர் பில்லும் ஆம்புலன்ஸ் பில்லும் தனியா வரும், ரெடியா இரு.

ராலேமாமா:
இதுக்குத்தான் ஒவ்வொண்ணுக்கும் இவ்வளவுதான்னு வரம்பு போட்டு, அதுக்கு மேல தராத ஃபிக்ஸ்டு பிளான் எடுக்காதீங்கன்னு தலபாடா அடிச்சுக்கறோம். டிக்கெட்டுக்கு லட்சக்கணக்குல செலவு பண்ணுவோம், இன்சூரன்ஸ்ல கஞ்சத்தனம். காம்ப்ரிஹென்சிவ் பிளான்னா முதல்ல நம்ம கைல இருந்து கட்டுற டிடக்டிபிள் போக மிச்சத்துல பெரும்பங்கு அவன் தருவான். அதுலயும் பழைய வியாதி திடீர்னு கிளம்புனா அதுக்கும் பணம் தர்ற 'அக்யூட் ஆன்செட்'னு ஒரு வரி இருக்கான்னு பாக்கணும், பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள்ள ஆஸ்பத்திரி போயிருக்கணும், வயசு வரம்பும் உண்டு. நெஞ்சுவலிக்கு, சின்னச் சின்ன அவசரத்துக்குப் போற அர்ஜன்ட் கேர் கிளினிக் போயிருக்கலாமேன்னு யாராவது வருவாங்க, கேக்காதீங்க, அங்க போனாலும் 911தான் கூப்பிடுவான்.

புதுசுகண்ணா:
காசு இல்லன்னா எமர்ஜென்சில சேக்க மாட்டாங்களா? அடுத்த மாசம் மாமியார் வராங்க.

பில்லிங்அக்கா:
சேக்கணும் கண்ணா. 1986 சட்டம், எம்டாலான்னு சொல்லுவாங்க, இன்சூரன்ஸ் இருக்கோ இல்லையோ பாத்து நிலைமைய சரிப்படுத்தாம அனுப்ப முடியாது. ஃப்ரீன்னு அர்த்தமில்ல, பில் பின்னாடியே வரும். மாமியார் மாத்திரையெல்லாம் தங்குற நாள் முழுசுக்கும் எடுத்துட்டு வரட்டும், நம்மூர் டாக்டர் சீட்டு இங்க மெடிக்கல் ஷாப்ல செல்லாது.

எடிசன்வாசி:
அக்கா நன்றி. ஆனா எனக்கு நல்ல சம்பளம், சாரிட்டி கேர் எப்படி குடுப்பாங்க?

பில்லிங்அக்கா:
பேஷன்ட் நீயா? அம்மா. அவங்க வருமானம், அவங்க சேமிப்புதான் கணக்கு, வளந்த பையனோடது சேராது. அவங்க சாப்பாடு, தங்குறது என் பொறுப்புன்னு நீ ஒரு லெட்டர் குடுக்க வேண்டி வரும். பாஸ்போர்ட், பென்ஷன் சீட்டு, பேங்க் ஸ்டேட்மென்ட் எடுத்துட்டு அம்மாவையும் கூட்டிட்டு ஆஸ்பத்திரில இருக்கற ஃபைனான்ஷியல் கவுன்சலரப் போய் பாரு, அம்மா ஃப்ளைட் ஏறுறதுக்குள்ள. வளையல் கைலயே இருக்கட்டும்.