அலுமினியம் உருக்க இண்டக்‌ஷன் உலை: மாறியவர்கள் வழி சொல்லுங்கள்

வணக்கம். எங்கள் வார்ப்புப் பட்டறையில் இப்போது இருப்பது கேஸ் பர்னர் வைத்த குரூசிபிள் (உலோகத்தை உருக்கும் பானை) உலை. இண்டக்‌ஷனுக்கு (சுற்றியுள்ள காயிலில் மின்சாரம் ஓடி, காந்தப்புலத்தால் உலோகத்தையே சூடாக்கும் உலை) மாற முடிவு செய்திருக்கிறோம். ஏற்கெனவே மாறியவர்களின் அனுபவம் வேண்டும்.

ஒரு கிலோ அலுமினியத்தை உருக்கி 720 டிகிரிக்குக் கொண்டுவர, கணக்குப்படி சுமார் 0.3 யூனிட் போதும். எங்கள் உலையிலோ பாதிக்கு மேல் சூடு புகையோடு போகிறது. அதைவிட உறுத்துவது ஹைட்ரஜன். கேஸ் எரியும்போது வரும் நீராவியிலிருந்து உருகிய உலோகம் அதை இழுத்துக்கொள்கிறது. உறையும்போது அது குமிழாகி உள்ளேயே நின்றுவிடுகிறது. லேத்தில் கடைசி வெட்டு ஓடும்போதுதான் ஊசிமுனைத் துளைகள் வரிசையாகத் தெரியும். அவ்வளவு உழைத்த பீஸை மறுபடி உலையில் போடும்போது மனசு ஆறுவதில்லை.

இண்டக்‌ஷனில் உலோகம் தானாகவே சுழலும், அலாய் நன்றாகக் கலக்கும். ஆனால் மேலே படியும் ஆக்சைடு ஏடும் உள்ளே இழுபடுமே? அதிர்வெண் கூடினால் சுழற்சி குறையும் என்பது தெரியும். 200 கிலோ குரூசிபிளுக்கு எத்தனை ஹெர்ட்ஸ் வைத்திருக்கிறீர்கள்? அதன் பிறகும் ஆர்கான் வாயு விட்டு டீகேஸ் (கரைந்த ஹைட்ரஜனை வெளியேற்றுவது) செய்கிறீர்களா?

இன்னொன்று, இதற்கு முதலில் பதில் சொன்னால் நல்லது. திடீரென்று கரண்ட் போனால் காயிலைக் குளிரவைக்கும் தண்ணீர் ஓட என்ன ஏற்பாடு? டீசல் பம்பா, மேல்நிலைத் தொட்டியா? காயில் கசிந்து உருகிய உலோகத்தில் தண்ணீர் பட்டால் வெடிக்கும். பக்கத்திலேயே ஆட்கள் நிற்கிறார்கள்.